பனியை விலக்கினால் ஊர் மிஞ்சாது

பழைய திகில் விளையாட்டுகளைப் பற்றிப் பேச்செடுத்தால் ஒரு தீர்ப்பு தயாராக வந்து விழுகிறது. 'அந்தக் காலத்துக்குச் சரி. சூழல் என்னவோ அருமைதான். ஆனால் கேமரா நகராது, ஆள் டாங்கி மாதிரித் திரும்புவான், குறிபார்த்துச் சுட வராது, நினைத்த இடத்தில் சேவ் செய்யவும் விடமாட்டார்கள். இதையெல்லாம் சரிசெய்து ரீமேக் வந்துவிட்டதே, பிறகு எதற்குப் பழசைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?' விமர்சகர் இதை நாசூக்காக எழுதுகிறார், விற்பவர் விளம்பரமாக்குகிறார், ரசிகர் ஒரே வரியில் முடித்துவிடுகிறார்.

இந்தத் தீர்ப்புக்குள் மூன்று கூற்றுகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, அந்தக் குறைகள் எல்லாம் இயந்திரத்தின் ஏழ்மையால் வந்தவை. வசதி இருந்திருந்தால் படைத்தவர்களே அவற்றை வைத்திருக்க மாட்டார்கள். இரண்டு, சூழல் வேறு, குறை வேறு. பின்னதைக் கழற்றி எறிந்தாலும் முன்னது அப்படியே நிற்கும். மூன்று, இன்னமும் பழசை விரும்புகிறவர் உண்மையில் தம்முடைய பதினைந்து வயதைத்தான் விரும்புகிறார். மூன்றும் தவறு என்பது என் கட்சி. இரண்டாவதுதான் அடிக்கல். அதை உருவிவிட்டால் மற்ற இரண்டும் தாமாகச் சரியும். ஆனாலும் வரிசையாகவே போவோம்.

ஏழ்மை எங்கே முடிந்தது?

முதல் கூற்றில் பாதி உண்மை இருக்கிறது. 1992இல் பிரான்சின் இன்ஃபோகிராம்ஸ் வெளியிட்ட 'அலோன் இன் தி டார்க்' விளையாட்டில் நகராத கேமரா வந்ததற்கு அன்றைய கணினியின் பலவீனமே காரணம். ஒரு மாளிகை முழுவதையும் நொடிக்கு நொடி முப்பரிமாணத்தில் வரைந்துகாட்ட அதனால் முடியாது. ஆகவே ஃப்ரெடரிக் ரேனாலும் குழுவினரும் அறைகளை அசையாத படங்களாக வைத்து, மனிதர்களையும் ஜந்துக்களையும் மட்டும் பல்கோண உருவங்களாக அவற்றின்மேல் நடமாடவிட்டார்கள். ஆள் ஓர் எல்லையைத் தாண்டினால் பார்க்கும் கோணம் சட்டென்று மாறும்.

ஏழ்மையில் பிறந்ததை அவர்கள் எதற்குப் பயன்படுத்தினார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் நாயகன் டெர்செட்டோ மாளிகையை நோக்கி நடந்து வருகிறான். அவன் வருவதை ஒரு ஜன்னலுக்கு உள்ளேயிருந்து காட்டுகிறார்கள். அங்கே ஏதோ ஒன்று நின்று அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இந்தக் கேமரா உன் கண் அன்று, இந்த வீட்டின் கண் என்று முதல் நிமிடத்திலேயே சொல்லியாகிவிட்டது. பரணில் ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்தில் ஜன்னலை உடைத்துக்கொண்டு ஒரு ஜந்து உள்ளே குதிக்கிறது. அலமாரியைத் தள்ளி ஜன்னலை அடைத்திருந்தால் குதித்திருக்காது. அதை அடைக்கத் தோன்றுவது பெரும்பாலும் ஒரு முறை செத்த பிறகுதான்.

1996 மார்ச்சில் கேப்காம் வெளியிட்ட 'ரெசிடென்ட் ஈவில்' இதே வழியில் வந்தது. முதல் பிளேஸ்டேஷனின் முதன்மை நினைவகம் 2 மெகாபைட். அதற்குள் ஒரு மாளிகையை அடக்க ஷின்ஜி மிகாமி குழுவுக்கும் அசையாத பின்னணிதான் கைகொடுத்தது. நடைகூடத்தில் நிற்கிறோம். மூலைக்கு அப்பால் காலை இழுத்து நடக்கும் ஓசை கேட்கிறது. திரையில் நிற்கும் ஜில் வாலன்டைன் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு அது தெரிகிறது. கேமரா எதிர்ப்பக்கம் இருப்பதால் நமக்குத் தெரியவில்லை. அவள் கண்ணுக்கும் நம் கண்ணுக்கும் இடையிலுள்ள அந்த இடைவெளியில்தான் பயம் குடியிருக்கிறது. கேமராவை அவள் தோளுக்குப் பின்னால் கொண்டுவந்து வைத்தால் இடைவெளி மூடிக்கொள்ளும். அதன் பிறகு பயமுறுத்த வேறு வழி தேட வேண்டும்.

எல்லோரும் சிரிக்கும் 'டாங்கிக் கட்டுப்பாடு' இங்கேதான் வருகிறது. மேல் பொத்தானை அழுத்தினால் ஆள் தான் பார்க்கும் திசையில் நடப்பான். இடமும் வலமும் அவனை நின்ற இடத்திலேயே திருப்பும். திரையின் திசைக்கும் பொத்தானுக்கும் சம்பந்தமில்லை. காரணம் எளிது. கோணம் சட்டென்று எதிர்ப்பக்கத்துக்கு மாறும் விளையாட்டில், பொத்தான் திரையின் திசைப்படி இயங்கினால், ஜோம்பியிடமிருந்து தப்பி ஓடுகிறவன் கோணம் மாறியதும் திரும்பி அதன் மடியிலேயே போய் விழுவான். டாங்கிக் கட்டுப்பாட்டில் கோணம் எத்தனை முறை மாறினாலும் 'முன்னால்' என்பது முன்னால்தான். ஒரு கணக்குக்குக் கண்ட விடை அது. அதை முட்டாள்தனம் என்பவர்கள் கேள்வியைப் படிக்காமல் விடையைத் திருத்துகிறார்கள்.

சரி, இயந்திரம் வலுத்த பிறகு என்ன செய்தார்கள்? கேப்காம் 2000இல் ட்ரீம்காஸ்ட் இயந்திரத்துக்கு இதே வரிசையில் 'கோட்: வெரோனிகா'வை வெளியிட்டது. பின்னணி முழுவதும் உடனுக்குடன் வரையப்பட்ட முப்பரிமாணம். கேமராவும் ஆளோடு நகர்ந்தது. நகரும் கேமரா அந்த ஆண்டே கைவசம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். இரண்டு ஆண்டுகள் கழித்து, 2002இல், மிகாமி அந்த முதல் ரெசிடென்ட் ஈவிலைத் தாமே கேம்கியூப் இயந்திரத்துக்கு மீண்டும் செய்தார். கைவசம் இருந்த நகரும் கேமராவை ஒதுக்கிவைத்தார். அசையாத கோணங்கள், டாங்கிக் கட்டுப்பாடு, ஒவ்வொரு கதவும் மெல்லத் திறக்கும் காட்சி, தட்டச்சு இயந்திரத்துக்கு மைநாடா கிடைத்தால்தான் சேவ் என்ற விதி எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்தார். போதாதென்று, சுட்டு வீழ்த்திய ஜோம்பியை எரிக்காமல் விட்டால் அது பின்னொரு நேரம் இன்னும் வெறியோடு எழுந்துவரும் என்று புதிதாக ஒரு கொடுமையையும் சேர்த்தார். எரிக்க மண்ணெண்ணெய் வேண்டும். அதுவும் அளவாகத்தான் கிடைக்கும். அதைச் சுமக்கும் குப்பி பையில் ஓர் இடத்தை அடைத்துக்கொள்ளும். இல்லாமையால் செய்தவன் இருக்கும்போதும் அதையே செய்தால், முன்பு செய்ததும் இல்லாமையால் மட்டும்தான் என்று சாதிக்க முடியாது.

கொனாமியின் 'சைலன்ட் ஹில்' கதையும் இதுதான். 1999இல் முதல் விளையாட்டு வந்தபோது தொலைவிலுள்ள தெருக்களைப் பிளேஸ்டேஷனால் வரைய முடியவில்லை. அதை மறைக்க ஊரைப் பனியாலும் இருளாலும் மூடினார்கள். 2001இல் இரண்டாம் விளையாட்டு பிளேஸ்டேஷன் 2க்கு வந்தது. முன்னதைவிடப் பன்மடங்கு வலுவான இயந்திரம். பனி விலகவில்லை. தெருவின் மறுபக்கம் தெரியாத அளவுக்கு இன்னும் நெருங்கி வந்தது.

சூழல் எதனால் ஆனது?

இனி அடிக்கல்லுக்கு வருவோம். 'சூழல்' என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் மனத்தில் வைத்திருப்பது பனி, துரு, மங்கிய விளக்கு, சைலன்ட் ஹில்லுக்கு அகிரா யமாவோகா அமைத்த இசை. கண்ணுக்கும் காதுக்கும் படுகிறவை. விதிகள் ஒரு பக்கம், அவற்றின்மேல் பூசிய வண்ணம் மறுபக்கம் என்பது அவர்கள் எண்ணம். விளையாட்டில் சூழல் அப்படி உண்டாவதில்லை. எவ்வளவு தூரம் பார்க்கலாம், எவ்வளவு வேகம் ஓடலாம், எத்தனை பொருள் சுமக்கலாம், எங்கே மூச்சு வாங்கலாம், தவறினால் எவ்வளவு இழப்போம் என்ற விதிகள்தான் அதை உண்டாக்குகின்றன. ஓவியரும் இசையமைப்பாளரும் அந்த விதிகளுக்கு முகம் கொடுக்கிறார்கள்.

'சைலன்ட் ஹில் 2'வையே எடுத்துக்கொள்வோம். இறந்துபோன மனைவியிடமிருந்து வந்த கடிதத்தை நம்பி ஜேம்ஸ் சண்டர்லாண்ட் அந்த ஊருக்கு வருகிறான். ஏரிக்கரையில் காரை நிறுத்திவிட்டு ஒரு காட்டுப்பாதையில் இறங்குகிறான். நிமிடக்கணக்கில் அந்தப் பாதை நீள்கிறது. யாரும் தாக்குவதில்லை, எதுவும் கிடைப்பதில்லை. இன்றைய தயாரிப்புக் கூட்டத்தில் முதலில் வெட்டுப்படுவது அந்தப் பாதையாகத்தான் இருக்கும். அதை வெட்டினால், திரும்பிப் போக முடியாத அளவு உள்ளே வந்துவிட்டோம் என்ற உணர்வும் சேர்ந்து வெட்டுப்படும்.

ஊருக்குள் அவனுக்குக் கிடைப்பது ஆணி அறைந்த ஒரு பலகை. அதை ஓங்கவும் நேரமாகும், மீட்கவும் நேரமாகும். ஜேம்ஸ் சாதாரண ஆள், போர்வீரன் இல்லை. சட்டைப்பையில் இருக்கும் வானொலி, உருவம் கண்ணில் படுவதற்கு முன்பே இரைய ஆரம்பிக்கிறது. பனி இருப்பதால்தான் வானொலிக்கு வேலை. வானொலி இரைவதால்தான் பனிக்குள் ஏதோ இருக்கிறது என்று தெரிகிறது. அடிக்கத் தெரியாதவன் என்பதால்தான் அந்த இரைச்சல் வயிற்றைக் கலக்குகிறது. ஜேம்ஸ் நன்றாகச் சண்டை போட்டால் வானொலி வேட்டைக்குத் துணையாகிவிடும். பனி வெறும் வானிலை அறிக்கையாகிவிடும்.

இன்னும் நுட்பமான ஒன்றும் உண்டு. காயம் பட்ட ஜேம்ஸை நாம் உடனுக்குடன் குணப்படுத்துகிறோமா, இரத்தம் வடிய அலையவிடுகிறோமா, ஏஞ்சலா என்ற பெண் விட்டுப்போன கத்தியை எடுத்து எடுத்துப் பார்க்கிறோமா என்பதையெல்லாம் விளையாட்டு ஓசையில்லாமல் கணக்கெடுத்துக்கொள்கிறது. முடிவு எது என்பதை அந்தக் கணக்குதான் தீர்மானிக்கிறது. உயிரைப் பேணாமல் ஆடினால், இவனுக்கு வாழ விருப்பமில்லை என்று அது முடிவுகட்டும். சற்றே ஒதுங்கி நின்றால் காயம் தானாக ஆறும் முறை பிற்பாடு பல விளையாட்டுகளில் வந்தது. வசதிதான். அதை இங்கே கொண்டுவந்து வைத்தால் இந்தக் கேள்வியைக் கேட்கவே இடம் இருக்காது. பார்வைக்கு ஒரு சின்னத் தொல்லையை நீக்கியதாகத் தோன்றும். நீங்கியதோ கதையின் முதுகெலும்பு.

இது வெறும் ஊகமில்லை. சோதனையே நடந்திருக்கிறது. 2012இல் இரண்டாம், மூன்றாம் சைலன்ட் ஹில்களைப் புதிய இயந்திரங்களுக்கு 'எச்.டி. கலெக்ஷன்' என்று வெளியிட்டார்கள். வேலையை எடுத்துக்கொண்ட குழுவுக்குக் கிடைத்தது இறுதி வடிவமல்லாத, முழுமையில்லாத மூல நிரல். படத்தின் துல்லியம் கூடியது, பனி குறைந்தது. பனி குறைந்ததும் யாரும் பார்க்க வேண்டாம் என்று மறைத்துவைத்த விளிம்புகள் வெளியே தெரிந்தன. ஏரியும் தெருவும் எங்கே முடிகின்றன என்பது அப்பட்டமானது. ஊர்ப் பலகை ஒன்றில் காமிக் சான்ஸ் எழுத்துரு வந்து உட்கார்ந்துகொண்டது. மூன்றாம் விளையாட்டில் பழைய குரல்களுக்குப் பதில் புதிய குரல்கள். கோயில் திருப்பணி என்ற பேரில் மணல்வீச்சு நடத்திக் கல்வெட்டின் எழுத்தைத் தேய்த்துவிட்டு, கல் எப்படிப் பளபளக்கிறது பாருங்கள் என்று காட்டுவார்களே, அந்த வேலை. கண்ணுக்குத் தெளிவு கூடியது, ஊர் காணாமல் போனது.

நல்ல ரீமேக் எதை நிரூபிக்கிறது?

எதிர்க்கட்சியின் வலுவான வாதம் இனிமேல்தான். '2019இல் வந்த ரெசிடென்ட் ஈவில் 2 என்ன ஆயிற்று? கேமரா தோளுக்குப் பின்னால் வந்துவிட்டது, டாங்கிக் கட்டுப்பாடு போய்விட்டது. அது பயமாக இல்லையா?' பயமாகத்தான் இருக்கிறது. நல்ல படைப்பு என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. எப்படி அது பயமுறுத்துகிறது என்பதுதான் கேள்வி.

1998 மூலத்தில் பயத்தைச் சுமந்தவை கோணமும் குறுகிய பார்வையும். அவற்றை எடுத்ததால் பெரிய ஓட்டை விழுந்தது. ரீமேக்கைச் செய்தவர்கள் அதைப் புதிய கட்டுகளால் அடைத்தார்கள். காவல் நிலையத்தைக் கும்மிருட்டாக்கி, கையில் ஒரு டார்ச்சை மட்டும் கொடுத்தார்கள். ஜோம்பியின் தலையில் எத்தனை குண்டு பாய்ந்தாலும் விழுமா என்று உறுதியாகச் சொல்ல முடியாதபடி செய்தார்கள். மூலத்தில் மிஸ்டர் எக்ஸ் என்ற துரத்தும் அரக்கன் இரண்டாம் சுற்றுக் கதையில், குறித்த இடங்களில் மட்டும் வருவான். இங்கே கட்டடம் முழுக்கத் தேடி அலைகிறான், மேல்தளத்தில் அவன் பூட்ஸ் ஓசை கேட்டபடியே இருக்கிறது. ஆக, குறைகளை நீக்கி மூலத்தை மேம்படுத்தியதாகச் சொல்லப்படும் விளையாட்டு, உண்மையில் ஒரு தொகுதிக் கட்டுகளைக் கழற்றி வேறொரு தொகுதியைப் பூட்டியிருக்கிறது. இழப்பும் உண்டு. மூலத்தில் ஒரு பாத்திரமாக முதல் சுற்றில் எடுத்துக்கொண்ட ஒரு குறிப்பிட்ட ஆயுதம், இரண்டாம் சுற்றில் மற்றப் பாத்திரத்துக்குக் கிடைக்காது. ஒருவர் பேராசை இன்னொருவர் தலையில் விடியும். ரீமேக்கில் அந்தப் பிணைப்பு இல்லை. இரண்டும் இரண்டு படைப்புகள். ஒன்று இருப்பதால் மற்றது தேவையில்லை என்பது எந்த நியாயம்?

அடுத்த ஆண்டு வந்த ரெசிடென்ட் ஈவில் 3 ரீமேக்கில் அந்தக் கவனம் இல்லை. மூலத்தின் கடிகாரக் கோபுரத்துக்குள் போகும் பகுதியும் பூங்காவும் போயின. நெருக்கடியில் இரண்டு வழிகளில் ஒன்றைச் சட்டென்று தேர்ந்தெடுக்க வைத்து, அதற்கேற்பப் போக்கை மாற்றும் முறையும் போயிற்று. எடுத்ததற்கு ஈடாக எதையும் வைக்கவில்லை. கையில் கிடைத்தது வேகமாக முடியும் ஒரு துப்பாக்கி விளையாட்டு.

2024இல் போலந்தின் புளூபர் டீம் 'சைலன்ட் ஹில் 2'வை மீண்டும் செய்தது. பனியைத் தொடத் துணியவில்லை. அது குறை இல்லை என்பதை எதிர்க்கட்சியே ஒப்புக்கொண்டுவிட்டது. ஆனால் கேமரா தோளுக்கு வந்தது, ஜேம்ஸுக்கு அடியிலிருந்து விலகிக்கொள்ளும் லாகவம் வந்தது, சண்டைகள் பெருகின, ஆட்ட நேரம் ஏறத்தாழ இரட்டித்தது. நேர்மையான உழைப்பு. இருந்தாலும் பழைய ஜேம்ஸின் கையாலாகாத்தனத்தை அது நமக்குத் தருவதில்லை. அதை அறிய 2001க்குத்தான் போக வேண்டும்.

எல்லாக் குறையும் கலையல்ல

இவ்வளவும் சொன்னதால், பழசில் உள்ள ஒவ்வொரு ஓட்டையும் உத்தி என்று கொண்டாடும் பக்தர் கூட்டத்தில் என்னையும் சேர்த்துவிட வேண்டாம். அவர்களும் எதிர்க்கட்சி செய்யும் அதே தவற்றைத்தான் மறுபக்கமிருந்து செய்கிறார்கள்: பிரித்துப் பார்க்க மறுக்கிறார்கள். எனக்கு ஒரே ஓர் உரைகல் போதும். குறை எனப்படுவதை மனத்தால் கழற்றிப் பார்க்க வேண்டும். அதோடு சேர்ந்து வேறு ஏதாவது கழன்று விழுந்தால் அது உறுப்பு. எதுவும் விழாவிட்டால் அது அழுக்கு, தாராளமாகத் துடைக்கலாம்.

1999இல் சியரா வெளியிட்ட 'கேப்ரியல் நைட் 3'இல் அழுக்கு இருக்கிறது. தென் பிரான்சின் ரென்-லெ-ஷாட்டோ என்ற உண்மையான கிராமத்தில் நடக்கும் கதை. புதையல், இரத்தக் காட்டேரி, மலையடிவார வெயில் என்று அருமையான சூழல். அதற்கு நடுவே, மோஸ்லி என்ற நண்பன் பேரில் ஒரு மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுக்க, பூனை முடியை ஒட்டுநாடாவில் சிக்கவைத்து, மேப்பிள் பாகு தடவிப் பொய் மீசை செய்ய வேண்டும். மோஸ்லிக்கு மீசையே கிடையாது. ஆகவே அவன் கடவுச்சீட்டுப் படத்திலும் ஒரு மீசையை வரைய வேண்டும். இதைக் கழற்றினால் எதுவும் விழாது. கிராமம் இன்னும் அழகாகத் தெரியும்.

டாங்கிக் கட்டுப்பாடேகூட எல்லா இடத்திலும் உறுப்பு ஆகிவிடாது. டிம் ஷேஃபர் லூகாஸ்ஆர்ட்ஸில் 1998இல் செய்த 'கிரிம் ஃபாண்டாங்கோ' இறந்தவர் உலகில் நடக்கும் சாகசக் கதை. மெக்சிகோவின் இறந்தோர் நாள் எலும்புக்கூடுகளும் பழைய துப்பறியும் படங்களின் புகைமூட்டமும் கலந்த உலகம். அங்கேயும் இதே கட்டுப்பாடு. ஆனால் அங்கே ஆடுபவரின் குதிகாலைக் கவ்வத் துரத்தி வருகிறவர் யாருமில்லை. கோணம் மாறித் தடுமாறினாலும் இழப்பில்லை. 2015 மறுபதிப்பில் சுட்டியால் சொடுக்கி நடக்கும் வசதியைத் தந்தார்கள். எதுவும் விழவில்லை. விளையாட்டு முழுவதையும் பழைய கட்டுப்பாட்டிலேயே முடிப்பவருக்கு ஒரு சாதனைப் பதக்கத்தையும் விளையாட்டாக வைத்தார்கள். சரியான மனநிலை அது. திகிலில் உறுப்பாக இருந்தது நகைச்சுவைச் சாகசத்தில் வெறும் பழக்கம். ஆகவே 'டாங்கிக் கட்டுப்பாடு நல்லதா கெட்டதா' என்ற கேள்வியே பொருளற்றது.

ஒரே விளையாட்டுக்குள்ளும் உரைகல் இரண்டு விடை தரும். 2010இல் வந்த 'டெட்லி பிரிமொனிஷன்' பற்றி விமர்சகர்கள் கொடுத்த மதிப்பெண் பத்துக்கு 2இலிருந்து பத்துக்கு 10 வரை சிதறியது; விமர்சகர்களை இந்த அளவு பிளவுபடுத்திய திகில் விளையாட்டு என்று கின்னஸ் புத்தகத்திலேயே இடம் பிடித்தது. துப்பாக்கிச் சண்டை அலுப்பூட்டுவது, கழற்றினால் நிம்மதி. வரைபடத்தில் ஊர் முழுவதையும் ஒரே பார்வையில் பார்க்க முடியாது, அதையும் துடைக்கலாம். ஆனால் கிரீன்வேல் ஊரின் வெற்றுச் சாலைகளில் மெதுவாகக் கார் ஓட்டுவதைக் கழற்றவே கூடாது. துப்பறிய வந்த யார்க், கண்ணுக்குத் தெரியாத ஜாக் என்ற தோழனிடம் தனக்குப் பிடித்த பழைய படங்களைப் பற்றிப் பேசிக்கொண்டு வருவது அந்தப் பயணங்களில்தான். பயணம் இல்லாமல் உடனே போய்ச்சேர்ந்தால் அந்தப் பேச்சு போகும். பேச்சு போனால் ஜாக் யார் என்ற கதையின் முடிச்சுக்குப் பிடிமானமே இல்லை.

எச். பி. லவ்கிராஃப்டின் இன்ஸ்மவுத் கதையை எடுத்து ஹெட்ஃபர்ஸ்ட் நிறுவனம் 2005இல் தந்த 'கால் ஆஃப் துலு: டார்க் கார்னர்ஸ் ஆஃப் தி எர்த்' இன்னொரு கலப்பு. கணினிப் பதிப்பில் ஆட்டத்தையே முடக்கும் நிரல் பிழைகள் இருந்தன. அவற்றுக்கு வக்காலத்து வாங்க யாருமில்லை. ஆனால் உயிர் எவ்வளவு, குண்டு எவ்வளவு என்று காட்டும் அளவுமானி எதுவும் திரையில் இல்லாதது உறுப்பு. விடுதியில் நள்ளிரவில் ஊர்க்காரர்கள் கதவை உடைக்கும்போது தாழ்ப்பாளைப் போட்டு, அலமாரியை நகர்த்தி, அறைக்கு அறை ஓட வேண்டும். எண்கள் இல்லாததால் அங்கே மூச்சிரைப்பு ஒன்றே வழிகாட்டி.

பால்ய நினைவு என்ற சாட்டை

மூன்றாவது கூற்று வாதமே அல்ல. வாதத்தைத் தவிர்க்கும் வழி. எதிரே இருப்பவரின் ரசனையை ஆராயாமல் அவருடைய வயதை ஆராய்வது. அதற்கும் பதில் உண்டு.

மாஸ்கோவின் ஐஸ்-பிக் லாட்ஜ் குழு 2005இல் 'பாதாலஜிக்' விளையாட்டைச் செய்தது. புல்வெளிக்கு நடுவே ஓர் ஊர், கொள்ளைநோய், பன்னிரண்டு நாள், மூன்று மருத்துவர்கள். நடை ஆமை வேகம். நோய்ச் செய்தி பரவியதும் ரொட்டி விலை தாறுமாறாக ஏறும்; ஊரைக் காப்பாற்ற வந்தவர் தம் வயிற்றைக் காப்பாற்ற அலைய வேண்டும். முதல் ஆங்கில மொழிபெயர்ப்பு படு மோசம். 2015இல் புதிய மொழிபெயர்ப்போடு வந்த பிறகுதான் ரஷ்ய மொழி தெரியாத பலரும் அதை ஒழுங்காகப் படிக்கவே முடிந்தது. அவர்களுக்கு இதில் என்ன பால்யம்? உரைகல்லையும் இங்கே ஒருமுறை உரசலாம். மோசமான மொழிபெயர்ப்பைக் கழற்றினார்கள், படைப்பு உயர்ந்தது. நடையின் மந்தத்தைக் கழற்றவில்லை. கழற்றினால் ஒரு நாளில் எல்லாரையும் காப்பாற்ற நேரம் இருந்துவிடும், யாரைச் சாகவிடுவது என்ற கேள்வி செத்துவிடும். 2019இல் 'பாதாலஜிக் 2' வந்தபோது கடுமை தாங்கவில்லை என்ற புகார் எழுந்தது. கடுமையைக் குறைக்கும் வசதியை அந்தக் குழு பிறகு சேர்த்தது. நாங்கள் எண்ணிய அனுபவம் பழைய கடுமையில்தான் இருக்கிறது என்பதையும் ஆடுபவருக்குத் தெரிவித்தது. வாசலைத் திறந்தார்கள், வீட்டை இடிக்கவில்லை.

புதிதாகச் செய்கிறவர்களும் அந்தப் பழைய இலக்கணத்தைக் கையில் எடுக்கிறார்கள். சிலி நாட்டில் உருவாகி 2021இல் வந்த 'டார்மென்டட் சோல்ஸ்' அசையாத கேமராவில் நடக்கிறது. ஜெர்மனியில் இருவர் சேர்ந்து செய்து 2022இல் வெளியிட்ட 'சிக்னாலிஸ்' ஆறே பொருள்களைச் சுமக்க விடுகிறது. 1996இன் ரெசிடென்ட் ஈவில் நாயகன் கிறிஸ் ரெட்ஃபீல்டுக்கும் ஆறுதான். அவர்களுடைய இயந்திரம் ஏழையில்லை. ஆறு இடம் போதாமல் திணறுவது என்ன செய்யும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நேரமில்லாதவர்கள், கடையில் இல்லாதவை

ஒரே ஓர் எதிர்ப்பை மட்டும் மதிக்கிறேன். வேலைக்கும் வீட்டுக்கும் நடுவில் அரைமணி நேரம் கிடைக்கிறவர் மைநாடா தேடி அலைய முடியாது. பார்வை, செவி, விரல் ஒத்துழைக்காதவர்களைப் பழைய விளையாட்டுகள் வாசலிலேயே நிறுத்திவிட்டன. உண்மை. அதற்கு மருந்து மூலத்தை மாற்றுவதல்ல. நிறுத்திய இடத்திலேயே தூங்கவைத்து, திரும்ப வந்ததும் அழிந்துபோகும் தற்காலிக சேவ், பொத்தான்களை மாற்றிக்கொள்ளும் வசதி, வசன வரிகள், பெரிய எழுத்து ஆகியவற்றைச் சேர்த்தால் மேலே சொன்ன எந்த உறுப்பும் கழன்று விழாது.

ஆனால் மூலத்தை எங்கே போய் வாங்குவது? அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான விளையாட்டுகளில் 87 விழுக்காடு இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் ஆய்வு வெளியிட்டது. அச்சில் இல்லாத விளையாட்டுகளை ஆய்வாளர்களுக்கு நூலகங்கள் தொலைவிலிருந்து திறந்துகாட்ட அனுமதி கேட்டபோது, அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் 2024 அக்டோபரில் மறுத்துவிட்டது. 'பழசு தேவையில்லை' என்ற ரசனைத் தீர்ப்பு இங்கே வந்து ஒரு வியாபார வசதியாகிறது. தேவையில்லாததை எதற்குப் பாதுகாக்க வேண்டும், எதற்கு விற்க வேண்டும்?

முடியாத காரியம் எதையும் நான் கேட்கவில்லை. 2009இல் வந்த 'மங்கி ஐலண்ட்' சிறப்புப் பதிப்பில் ஒரு பொத்தானைத் தட்டினால் புதிய படம் மறைந்து 1990இன் மூலம் வரும். மறுபடி தட்டினால் புதியது. 2024இல் கேப்காம் முதல் மூன்று ரெசிடென்ட் ஈவில்களின் பழைய கணினிப் பதிப்புகளை ஜி.ஓ.ஜி. தளத்தின் வழியாக மீண்டும் விற்றது. ரீமேக்குகள் அதே வேளையில் தம் பாட்டுக்கு விற்றுக்கொண்டுதான் இருந்தன. ஒன்று மற்றதன் சோற்றில் மண் போடவில்லை.

ஆகவே ரீமேக் செய்கிற நிறுவனம் மூலத்தையும் பக்கத்திலேயே விற்கட்டும். விமர்சகர் 'காலத்துக்கு ஒவ்வாதது' என்று எழுதுமுன், எந்த விதியைக் கழற்றினால் எது விழும் என்று சோதித்துவிட்டு எழுதட்டும். பூனை முடி மீசையையும் பனியையும் ஒரே பட்டியலில் சேர்க்காமல் இருக்கட்டும். ரசிகரும் தமக்குத் தொல்லை தந்த எல்லாவற்றையும் மன்னிக்க வேண்டியதில்லை. எந்தத் தொல்லை எதைத் தாங்கி நிற்கிறது என்று கேட்டால் போதும். இதைச் செய்யாமல் 'சூழல் அருமை, மற்றதெல்லாம் மோசம்' என்று பாராட்டுகிறவர் அந்த விளையாட்டைப் பாராட்டவில்லை. அது எப்படித் தம்மைப் பயமுறுத்தியது என்பதே அவருக்குத் தெரியவில்லை.